சாக்கெண்ணெயும் சலப் போத்தலும்

முதல் நாள்

நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெண் என் முன்னால் கதிரையில் இருந்து அழுதாள். தடைதாண்டி ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். வெளியே அவளுடைய பாடசாலைப் பிள்ளைகள் பாண்ட் வாத்தியத்தோடு காத்து நிற்கிறார்கள். இவளுக்கோ ஒரு சொட்டுச் சலம், அதுதான் சிறுநீர், வரவில்லை. வெயிலில் ஓடியதில் உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போயிருந்தது. நான் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், கொஞ்சம் அங்கால திரும்புங்கோவன். நீங்க பாத்துக்கொண்டு நிண்டா எப்பிடி வரும்?"

"பாக்கிறதுதான் பிள்ளை என்ர வேலை."

அது பகிடி இல்லை. ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது, சலம் அந்த உடம்பிலிருந்துதான் வருகிறது என்பதை ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். வேறொருவருடைய சலத்தைச் சிறு பையில் ஒளித்துக்கொண்டு வந்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள், அதனால்தான் இந்தச் சட்டம். கடைசியில் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவளுக்கு வந்தது. பாண்ட் வாத்தியம் அதற்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது.

அதுவரை நான் திருகோணமலையில் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். இரத்தமும் சளியும் பார்த்தே காலம் போனது. கிழக்கில் நடக்கும் போட்டிகளுக்குத் தமிழ் தெரிந்த பெண் அலுவலர் இல்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். ஓய்வுபெற்ற பிறகும் போனேன். மீன் சந்தையில் கிண்ணியாக்காரர் ஒருவர், "என்ன சலம் மிஸ், இண்டைக்குப் பாரை நல்லாயிருக்கு" என்று கூப்பிடுவார். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பெயருக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துத் தருகிறார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த வேலையை எனக்குப் பழக்கிய கொழும்பு அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது ஒன்றுதான்: "முகம் கல்லு. கை தட்ட வேணாம், புத்தி சொல்ல வேணாம், ஐயோ சொல்ல வேணாம்." வெற்றி, தோல்வி, அழுகை எதுவும் எங்களுக்கு இல்லை. வீரர் சொல்வதை எழுத வேண்டும், போத்தலை மூட வேண்டும், அனுப்ப வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போவது இலக்கம் மட்டும்தான், பெயர் போகாது.

சொல்ல இலேசு. தர்சினியின் முன்னால் அந்தக் கல்லு முகத்தை வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சாக்கெண்ணெய்"

தர்சினி சல்லி என்கிற கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். ஈட்டி எறிபவள். தகப்பன் கரைவலைக்காரர். நகர மைதானத்தில் நடந்த தெரிவுப் போட்டியில் அவளுடைய கடைசி எறிதல் மற்ற எல்லோருடைய எறிதலையும் தாண்டி விழுந்தது. அதோடு வெளிநாட்டுப் போட்டிக்கு அவள் போவது உறுதியாகிவிட்டது. மைதானமே எழும்பிக் கத்தியது. நான் கத்தவில்லை. பரிசோதனைக்கு அழைக்கும் அறிவித்தல் கடதாசியோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

அவளோடு பரிசோதனை அறைக்குள் வந்தவர் குணா சேர், அவளுடைய பயிற்றுநர். நல்ல மனுசன். தன் மோட்டார் சைக்கிளிலேயே ஈட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் சல்லிக் கடற்கரைக்குப் போய், மணலில் ஓட வைத்து அவளை உருவாக்கியவர்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. சலம் வந்தது, முதல் சோதனைக்கான ஏ போத்தலிலும் மறுசோதனைக்கான பி போத்தலிலும் அவளே ஊற்றினாள், அவளே மூடினாள். பிறகு நான் வழமையான கேள்வியைக் கேட்டேன். "கடைசி ஏழு நாளில என்ன மருந்து, என்ன சத்துமாத்திரை, என்ன எண்ணெய், எது பாவிச்சாலும் சொல்லுங்கோ."

"பனடோல் ரெண்டு, தலையிடிக்கு. பிறகு... சாக்கெண்ணெய் மிஸ்."

"என்ன எண்ணெய்?"

"சாக்கெண்ணெய். தோள்மூட்டு நோவுக்கு. கனடாவில இருந்து சின்னம்மா அனுப்பினவ. நாக்குக்குக் கீழ சொட்டு விடுறது. நித்திரையும் நல்லா வரும்."

ஆய்வுகூடத்தில் அவ்வளவு காலம் இருந்தவள் நான். வேப்பெண்ணெய் தெரியும், ஆமணக்கெண்ணெய் தெரியும், மீனெண்ணெய் தெரியும். சாக்கெண்ணெய் தெரியாது.

குணா சேர் சிரித்தார். "அது மிஸ், போத்தலில இங்கிலிஸில 'ஹெம்ப்' எண்டு கிடக்கு. நான் போனில போட்டுப் பாத்தனான். சணல் எண்டு வந்துது. சணல் எண்டா எங்கட சாக்குத்தானே? சாக்கு தைக்கிற நூல்தானே? அதில என்ன கிடக்கு? அதுதான் வீட்டில சாக்கெண்ணெய் எண்டு பேர் வச்சிட்டினம். அதெல்லாம் எழுதத் தேவையில்லை மிஸ்."

சணல் என்பது சாக்குதான். சாக்கு வெறி ஏற்றாது. ஆனால் 'ஹெம்ப்' என்று அந்த நாட்டுக் கடையில் போத்தலில் எழுதினால் அது கஞ்சாச் செடி. அந்தச் செடியின் நாரிலும் கயிறு திரித்த காரணத்தால் அகராதிக்காரர்கள் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டார்கள். கைத்தொலைபேசியும் அதைத்தான் படித்திருக்கிறது. அந்த எண்ணெயில் போதை தராத பகுதி மட்டும் இருந்தால் விளையாட்டுச் சட்டத்தில் குற்றமில்லை. ஆனால் போதை தரும் பகுதியும் கலந்திருந்தால் அது நாள் கணக்கில் உடம்பில் தங்கி, போட்டி நாள் சலத்தில் நிற்கும். எந்தப் போத்தலில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்தக் கடைக்காரனுக்கே தெரியுமோ என்னவோ.

"போத்தலில படம் ஏதும் இருந்ததோ?" என்று மட்டும் கேட்டேன். பொருளை அடையாளம் காணக் கேட்கலாம்.

"இலை ஒண்டு மிஸ். மரவள்ளி இலை மாதிரி. அம்மா மரவள்ளி எண்டுதான் சொன்னவ."

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, அவள் சொன்னபடியே தமிழில் 'சாக்கெண்ணெய்' என்றும், பக்கத்தில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லையும் எழுதினேன். அவள் வாசித்துக் கையொப்பம் வைத்தாள். வெளியே போகும்போது, "மிஸ், வெளிநாட்டுப் போட்டிக்கும் நீங்க வருவீங்களோ?" என்று கேட்டாள். நான் போத்தல் பெட்டியைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

படலையில் நின்ற இருவர்

முடிவு வந்தது. கஞ்சாவின் போதைப் பொருள் அனுமதித்த அளவுக்கு மேல். தர்சினியின் வெற்றி அழிந்தது. அவளைப் போட்டிகளிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். எப்படியோ செய்தி முகநூலில் ஏறி, 'கஞ்சா வீராங்கனை' என்று ஊரெல்லாம் சுற்றியது.

ஒரு பின்னேரம் அவளும் தாயும் என் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார்கள். நான் உள்ளே கூப்பிடவில்லை. விசாரணையில் நான் சாட்சி. அதைச் சொன்னேன்.

தாய் கேட்கவில்லை. படலையைப் பிடித்தபடி சொன்னார். "மிஸ், குணா சேர் ஒரு கதை சொல்றார். இவள், தான் கஞ்சா குடிச்சனான் எண்டு சொல்லட்டாம். நிலாவெளியில ஹோட்டல் பார்ட்டி ஒண்டில, கூட்டாளிப் பிள்ளையளோட, பகிடிக்குக் குடிச்சனான் எண்டு. அப்பிடிச் சொன்னா மூண்டு மாசத்தோட விட்டிருவினமாம். நோவுக்கு எண்ணெய் விட்டனான் எண்டு உண்மையைச் சொன்னா ரெண்டு வருசமும் போடலாமாம். இது என்ன ஞாயம் மிஸ்? குடிச்சவளுக்குக் குறைய, குடிக்காதவளுக்குக் கூடவோ?"

குணா சேர் சொன்னது பொய்யில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. போட்டிக்கு வெளியே, விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாமல், பொழுதுபோக்குக்குக் குடித்தேன் என்று காட்டினால் மூன்று மாதத் தடை. சிகிச்சை வகுப்புக்குப் போனால் அதிலும் குறையும். ஆனால் எறிகிற தோளுக்கு மருந்தாக எடுத்தேன் என்றால் அது விளையாட்டோடு சம்பந்தப்பட்டது. இரண்டு வருடத்திலிருந்து தொடங்கி, 'என் பிழை பெரிதில்லை' என்று ஒவ்வொரு படியாகக் காட்டித்தான் கீழே இறங்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் பார்ட்டிக்குப் போகும் பிள்ளைகளை நினைத்து எழுதினார்கள். சாக்கெண்ணெயை அவர்கள் நினைக்கவில்லை.

வெளிநாட்டுப் போட்டிக்கான இரண்டாவது தெரிவுப் போட்டி நாலு மாதத்தில் வர இருந்தது. பொய் சொன்னால் அவள் அதில் எறியலாம், வெளிநாடு போகலாம். உண்மை சொன்னால் அநேகமாகப் போக முடியாது. ஆனால் பொய் சொன்னால், முகநூல் எழுதியது உண்மையாகிவிடும். அதுவும் அவளுடைய வாயாலேயே.

"எதைச் சொல்ல வேணுமெண்டு நான் சொல்ல ஏலாது அம்மா" என்றேன்.

"நீங்கதானே எழுதினீங்க. உங்களுக்குத் தெரியும்தானே அவள் குடிக்கேல்லை எண்டு."

"அதனாலதான் சொல்ல ஏலாது."

தர்சினி தாயின் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா போவம். மிஸ்ஸுக்குக் கரைச்சல் குடுக்காதீங்கோ" என்றாள். எனக்கு அன்றைக்கு என் வேலைமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் கையொப்பம் வைத்த படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் உரிமைகளை எவருக்கும் வாசித்துக் காட்டலாம், அதில் தடையில்லை. அதை மட்டும் செய்தேன். "விசாரணையில தமிழில கதைக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். அது எல்லாருக்கும் உள்ளது." அவர்கள் போன பிறகு படலையைச் சாத்தினேன்.

சாட்சியும் வடையும்

விசாரணைக்குக் கொழும்புக்குப் போக விடியப்புறம் பஸ் ஏறினேன். ஏறினால் முன் ஆசனத்தில் தர்சினி, தாய், குணா சேர். நான் பின்னுக்குப் போய் இருந்தேன். ஒரு பஸ்ஸுக்குள் முகம் தெரியாத ஆட்கள் மாதிரி நாலு பேரும் கந்தளாய் வரை வந்தோம்.

கந்தளாயில் பஸ்ஸைத் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். தாய் வீட்டிலிருந்து கட்டிவந்த உழுந்து வடையில் இரண்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். "பின்னுக்கு இருக்கிற மிஸ்ஸுக்காம்" என்று அவர் நீட்டினார். சாட்சி வடை சாப்பிடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் நான் வாங்கவில்லை. கொண்டக்டர் தானே சாப்பிட்டார், நல்ல வடையென்றும் சொன்னார். தாய் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் வைத்தியர், மறுபக்கம் பழைய ஓட்ட வீரர் ஒருவர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கதைத்தார்கள். தர்சினி மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தாள். சாட்சியாக முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள் என்றார்கள். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் 'சாக்கெண்ணெய்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'உரமூட்டை எண்ணெய்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒன்றைச் சொன்னார். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"மூட்டையில இருந்து எண்ணெய் எடுக்கிறதா?" என்று தலைவர் கேட்டார்.

"அந்தப் பிள்ளை சொன்ன சொல் அதுதான் சேர். வீரர் சொல்றதை எழுதுறதுதான் என்ர வேலை."

என் சாட்சி முடிந்தது. பின்னால் இருக்கச் சொன்னார்கள். பிறகு தர்சினியைக் கூப்பிட்டார்கள். அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. குணா சேர் பார்ட்டிக் கதையைக் கடதாசியில் எழுதி மடியில் வைத்திருந்தார். தாய் இரண்டு கையையும் கோர்த்து வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"கஞ்சா பாவித்தீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

தர்சினி எழும்பினாள். குணா சேரின் கடதாசியை ஒரு தரம் பார்த்தாள்.

"என்ர உடம்பில கஞ்சா இருந்தது உண்மை சேர். நான் கஞ்சா குடிக்கேல்லை. நான் சாக்கெண்ணெய் எண்டு நினைச்சுத்தான் விட்டனான்."

"ஒரு டொக்டரிடம் கேட்டிருக்கலாமே?"

"சாக்கைப் பற்றி டொக்டரிட்ட என்னத்தைக் கேக்கிறது சேர்?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் பழைய ஓட்ட வீரர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "தெரியாது என்று எல்லாரும்தான் சொல்லுவினம். நாங்கள் ஏன் நம்ப வேணும்?" என்று கேட்டார்.

தர்சினி திரும்பி என் பக்கம் கையைக் காட்டினாள். முதன்முறையாகக் குரல் உடைந்தது.

"தெரிஞ்சிருந்தா இந்த மிஸ்ஸிட்ட என்ர வாயால சொல்லியிருப்பனோ சேர்? அவ கேட்டவ. நான் சொன்னனான். ஒளிக்க வேணுமெண்டா பனடோல் எண்டதோட நிப்பாட்டியிருப்பனே!"

மொழிபெயர்ப்பாளர் மெதுவாகத்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் முடிக்கும்போது குணா சேர் எழும்பி நின்றார். மடியிலிருந்த கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அவளுக்குச் சணல் எண்டு சொன்னது நான். போனில பாத்தது நான். எழுத வேண்டாம் எண்டு சொன்னதும் நான்தான். அவள் என்ர சொல்லைக் கேக்காமல் எழுதுவிச்சவள்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. தன் பயிற்றுநர் பதவிக்கே ஆபத்து என்று தெரிந்துதான் அவர் அதைச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்கு முன்னம்வரை அந்த மனுசன்மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அதோடு போய்விட்டது.

எட்டு மாதம்

எட்டு மாதத் தடை போட்டார்கள். பொய்க்குக் கிடைத்திருக்கக்கூடிய மூன்று மாதத்தை விடக் கூட. இரண்டாவது தெரிவுப் போட்டி போனது, வெளிநாடு போனது. குணா சேருக்குக் கடும் எச்சரிக்கை. ஆனால் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது: அவள் போதைக்காகவோ ஊக்கத்துக்காகவோ அதைப் பாவிக்கவில்லை, அது என்னவென்று தெரியாமலே பாவித்தாள் என்று. தாய் அந்த வரியைத் தமிழில் எழுதுவித்து, சல்லியில் தன்னைக் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். ஊர் 'கஞ்சா' என்பதை விட்டுவிட்டு 'சாக்கு' என்று கூப்பிடத் தொடங்கியது. "என்ன சாக்கு, கடலுக்கோ?" என்று கேட்டால் அவளும் சிரித்துக்கொண்டு ஓம் என்பாளாம்.

இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கும் ஓடுகிற, எறிகிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். நாக்கில் விடுகிற பொருளின் பெயரைக் கைத்தொலைபேசியிடம் கேட்காதீர்கள். அது உங்களுக்குச் சொல்லைத்தான் மாற்றித் தரும், சரக்கை மாற்றித் தராது. விளையாட்டு வைத்தியரிடம் போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதிரி எடுக்கிறவர்களே, வீரர் சொல்கிற சொல் எவ்வளவு பகிடியாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். நீங்கள் அதைத் திருத்தி நல்ல சொல்லாக எழுதினால் அந்தப் பிள்ளையின் உண்மையையும் சேர்த்துத் திருத்திவிடுவீர்கள். நான் அன்றைக்கு ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதியிருந்தால், அதைப் பார்க்கிற எவரும் இந்தப் பெண் தெரிந்தேதான் கஞ்சா எண்ணெய் விட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

தடை முடிந்து அடுத்த பருவத்தில் அதே மைதானத்தில் அவள் திரும்ப எறிந்தாள். முதலாமிடம். முதலாமிடத்துக்குப் பரிசோதனை உண்டு. அறிவித்தல் கடதாசியோடு நான் போய் நின்றபோது, "எனக்குத் தெரியும் மிஸ், நீங்கதான் வருவீங்க எண்டு" என்றாள்.

அறைக்குள் போய் இருந்ததும் கேட்டேன். "கடைசி ஏழு நாளில என்ன பாவிச்சீங்க?"

அவள் கைப்பையைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள். இருமல் மருந்தின் வெறும் பெட்டி, தைலப் போத்தல், பனடோல் அட்டை, பல்லுத் தீட்டும் பசைகூட. நான் எழுதிக்கொண்டே போனேன்.

"பிறகு?"

"கொத்தமல்லி அவிச்ச தண்ணி. இஞ்சித் தேத்தண்ணி. நேற்று அம்மா தலைக்கு வச்ச நல்லெண்ணெய். அதையும் எழுதுங்கோ மிஸ்."

"வேற?"

அவள் யோசித்தாள். "மரவள்ளி இலைச் சுண்டல் மிஸ். உண்மையான மரவள்ளி. நானே கொல்லையில ஆஞ்சனான்."

அன்றைக்கு என்னால் முகத்தைக் கல்லாக வைத்திருக்க ஏலவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதையும் எழுதினேன். படிவத்தில் இடம் போதாமல், இன்னொரு தாளை எடுத்தேன்.